இரண்டாவது பிரதி

காணி வழக்கென்று சித்தி றலியாவைத் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட் டின்னுக்குள்ளோ, பழைய சேலைத் துண்டில் சுற்றியோ, மூன்று பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தோ ஏதாவது ஒரு தாளைக் கொண்டு வருவார்கள். மூக்காயியம்மாதான் ஒன்றுமில்லாமல் வந்த முதல் ஆள்.

அன்று சனிக்கிழமை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடைக்கு மேல் மூன்றாம் மாடியில் றலியா நடத்தும் வகுப்பு அப்போதுதான் கலைந்திருந்தது. சட்டத்தரணிகளிடமும் பத்திரம் எழுதும் நொத்தாரிசுகளிடமும் எழுதுவினைஞர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கான காணிச் சட்ட அறிமுக வகுப்பு. பலகையில் அன்றைய பாடம் அழிக்கப்படாமல் இருந்தது. ஓர் உறுதிப் பத்திரம், மூன்று பிரதிகள். முதலாவது, காணி வாங்கியவருக்கு. இரண்டாவது, காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது, எழுதிய நொத்தாரிசின் அலுவலகத்துக்கு.

மூக்காயியம்மாவைக் கூட்டி வந்தவர் அந்த வகுப்பின் மூத்த மாணவர் கணபதி. வயது ஐம்பத்திரண்டு. கலஹாவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். இருபது வருடமாகக் கோர்ட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கியதில், உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசை வந்து வகுப்பில் சேர்ந்ததாகச் சொல்லுவார். காணி ஒன்றின் வரலாற்றைத் தோண்ட வேண்டி வந்தால் றலியா கணபதியின் வண்டியைத்தான் கூப்பிடுவாள். வண்டியோடு அவருடைய வாயும் சேர்ந்தே வரும்.

"உறுதி எங்கம்மா?" என்று றலியா கேட்டாள்.

"மண்ணுக்குள்ளம்மா."

சொல்லிவிட்டு மூக்காயியம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைக் கணபதி சொன்னார். கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். போன நவம்பர் மழையில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு வெடித்துச் சரியத் தொடங்கியது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். மூக்காயியம்மாவின் கணவர் கறுப்பையாவும் வந்துவிட்டார். வந்தவர் மடியைத் தடவிப் பார்த்தார்.

"'உறுதி பெட்டிக்குள்ள இருக்கு புள்ள, ஒரு நிமிசம்'னாரு," என்று மூக்காயியம்மா இடையில் பேசினார். "வேணாம்னேன். 'அது போனா நம்மகிட்ட என்ன இருக்கு'ன்னு கேட்டுட்டு ஓடுனாரு. மூணாம் நாள் அவரத் தோண்டி எடுத்தாங்க. பெட்டி கெடைக்கல."

ஒரு சிறு வீட்டுக்குப் போதுமான பன்னிரண்டு பேர்ச் காணி. கலஹா பசாரிலிருந்து சற்றுத் தள்ளி. 2016 ஓகஸ்ட் மாதம் கறுப்பையா வாங்கியது. அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறைக்குப் பிறகு சொந்தப் பேரில் எழுதப்பட்ட முதல் நிலம். அதில் இரண்டு அறைக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரை போடவில்லை. போன ஜனவரியில், பசாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஷாமில் என்பவர், காணி தன்னுடையது, சுவரை உடைத்துக்கொண்டு போ என்று சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பினார். அதே காணியை அதே சொந்தக்காரரிடமிருந்து 2021இல் தான் வாங்கியதாக ஓர் உறுதி அவரிடம் இருந்தது. பதிவும் செய்யப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கும் விற்றவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வழக்குத் தொடங்கிவிட்டது.

"கணபதி அண்ணன், இந்தப் பாடம் படிச்சீக்கிறீங்க. ஒரு காணிக்கு ரெண்டு உறுதி. யாருக்குக் காணி?"

"மொதல்ல எழுதுனவருக்கு இல்ல டீச்சர், மொதல்ல பதிஞ்சவருக்கு. ஆனா பதிஞ்சவரு கள்ளத்தனம் பண்ணியிருந்தா, அந்தப் பதிவு அவரக் காப்பாத்தாது."

"கறுப்பையா ஐயாட உறுதி பதிவாகல்ல. கள்ளத்தனத்தைக் காட்டத்தான் வேணும். காட்டுறதுக்கு முதல்ல அப்பிடி ஒரு உறுதி இருந்தது எண்டாவது காட்ட வேணும்." றலியா பலகையைப் பார்த்தாள். "முதல் பிரதி மண்ணுக்குள்ள. மூண்டாவது?"

"நொத்தாரிசு எறந்து, அவரு புத்தகமெல்லாம் ஒரு அறையில கெடந்திருக்கு. போய்ப் பாத்தேன். கறையான். அதுலயும் 2016ஐ மட்டும் சுத்தமா முடிச்சிருக்கு. படிச்ச கறையான் டீச்சர்."

"நொத்தாரிசு யாரு?"

கணபதி சற்றுத் தயங்கினார். "உங்க அஸ்ஃபர் ஹாஜியாருதான்."

அஸ்ஃபர் ஹாஜியாரின் அலுவலகத்தில் றலியா பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். உறுதிகளைப் பதிவகத்துக்குக் கொண்டு போவது அவள் பொறுப்பு. அவள் கொண்டுபோன ஓர் உறுதியாவது பதியாமல் விடுபட்டதென்று யாரும் சொன்னதில்லை. அதை வகுப்பில் அவள் சொல்லிக் காட்டுவதும் உண்டு. 2016 செப்டெம்பரில் அவள் கணவர் அஹ்னாப் பேராதனை வீதியில் ஒரு லொறி மோதி இறந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த பிறகு அவள் அந்த அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. அவள் விட்ட வேலையெல்லாம் உடன் வேலை செய்த நஸீபின் தலையில் விழுந்தது. கறுப்பையாவின் உறுதி தவறியிருந்தால் அது நஸீபின் கையில்தான் தவறியிருக்க வேண்டும். றலியா அப்படித்தான் நினைத்தாள்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல," என்றாள். "2021ல வாங்கிப் பதிஞ்ச ஆள், நாலு வருஷத்துக்கு மேல ஏன் வாயைத் திறக்கல்ல? கண்ணுக்கு முன்னால சுவர் எழும்புது. கடையில நிண்டு பார்த்துட்டு இருந்தீக்கிறார்."

"கூச்ச சுபாவமா இருக்கும்."

"மண் சரிஞ்சு, உறுதி புதைஞ்சு, ரெண்டு மாசத்துல கூச்சம் போயிட்டுதா?"

 மூக்காயியம்மா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து றலியாவைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் காணிப் பதிவகத்தில் வழக்கமான கூட்டம். கணபதி வரிசையில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இவ்வளவு நேரம் என்ன நிக்க வச்சதில்ல டீச்சர். ஒடனே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

றலியா சிரிக்கவில்லை. அந்தக் காணிக்குரிய பதிவேடு மேசைக்கு வந்திருந்தது. பெரிய, தடித்த புத்தகம். ஒரு காணிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் பழைய சொந்தக்காரரின் பெயர், அதன் கீழே 2021இல் ஷாமிலின் பெயர். நடுவில் எதுவும் இல்லை.

"இல்லை," என்றார் கணபதி.

"இல்லைதான். ஆனா இங்க பாருங்க."

அவள் புத்தகத்தை ஜன்னல் பக்கம் தூக்கி, தாளைச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஓரத்தில் வெறும் தாள்தான். ஆனால் வெளிச்சம் சரிவாக விழுந்தபோது அங்கே சில பள்ளங்கள் தெரிந்தன. பென்சிலால் எழுதி, அழித்த இடம். ஓர் உறுதி பதிவுக்கு வந்ததும் அதன் வரவு இலக்கத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பது அந்தக் காலத்தில் அங்கிருந்த ஒரு கிளார்க்கின் பழக்கம். பதிந்துவிட்டால் மையால் எழுதுவார். திருப்பி அனுப்பினால் அழித்துவிடுவார். பதினொரு வருடம் அந்த மேசைக்கு முன்னால் நின்றவளுக்கு அது தெரியும்.

"ஏழு, ஒண்டு, மூண்டு... கடைசி இலக்கம் எட்டா, மூண்டா?"

"எட்டு. மூணுக்கு எடது பக்கம் பள்ளம் இருக்காது." கணபதி தாளைத் தடவாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்ப உறுதி இங்க வந்திருக்கு!"

"வந்தீக்கி. திரும்பியும் போயீக்கி."

இலக்கம் கிடைத்ததும் வரவுப் புத்தகத்தைத் தேடி எடுப்பது சுலபமாக இருந்தது. உத்தியோகத்தர் அம்மா பழைய பழக்கத்தில் றலியாவுக்காக உள்ளே போய்த் தானே தூக்கி வந்தார். 7138ஆம் வரவு. அஸ்ஃபர் நொத்தாரிசு எழுதிய விலை உறுதி. வாங்குபவர் கறுப்பையா. அதற்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: வாங்குபவரின் பெயர் ஓரிடத்தில் கறுப்பையா என்றும் இன்னோரிடத்தில் கருப்பையா என்றும் இருப்பதால், திருத்திக் கொண்டுவரும்படி திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கணபதி அதை இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு று-வுக்கும் ஒரு ரு-வுக்கும்!" என்றார். "எங்காளுங்க பேரை யாரு டீச்சர் ஒழுங்கா எழுதுனாங்க? என் பொறப்புச் சான்றிதழ்ல நான் இன்னைக்கும் கனபாதி. பாதிதான் பொறந்திருக்கேன்."

அவர் சொல்லிவிட்டுத் திரும்பியபோது றலியா அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தபடி நின்றாள். திருப்பிக் கொடுத்த தேதி 2016 செப்டெம்பர் 27. நொத்தாரிசின் ஆளிடம் கையில் கொடுக்கப்பட்டது. யாருடைய கையில் என்று எழுதவில்லை. அதற்கான கையெழுத்துப் புத்தகம் எப்போதோ களஞ்சியத்துக்குப் போய்விட்டதாம்.

"என்ன டீச்சர்?"

"அண்டைக்குத்தான் அஹ்னாப் மௌத்தாகினது." அவள் புத்தகத்தை மூடினாள். "அண்டைக்கு நான் வேலைக்கே போகல்ல. ஆஸ்பத்திரியிலதான் இருந்த. வாங்க, நஸீபைப் பார்ப்பம்."

வண்டி மகாவலிப் பாலத்தைத் தாண்டும்வரை கணபதி எதுவும் பேசவில்லை. அவருக்கு அது பெரிய தூரம்.

நஸீப் கட்டுகஸ்தோட்டையில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருந்தார். அக்காவாய் மதித்து லாத்தா என்று அழைக்கும் றலியாவைக் கண்டதும் எழுந்து, கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லப் போனார்.

"தேத்தண்ணி வேணாம் நஸீப். ஒரு மனுசன் மௌத்தாகியீக்கிறார்," என்றாள் றலியா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதிவேட்டின் பள்ளம், வரவு இலக்கம், சிவப்பு மைக் குறிப்பு. "ஒரு எழுத்தைத் திருத்திக் கொண்டுபோய்க் குடுத்தீந்தா முடிஞ்சிருக்கும். நீங்க அதை எங்க போட்டீங்க?"

நஸீப் மெதுவாக உட்கார்ந்தார்.

"இருபத்தேழாம் தேதியா?"

"ஓ, அண்டைக்குத்தான்."

"அண்டைக்கு ஆபீஸ்ல நான் மட்டும்தான் லாத்தா. ஹாஜியாரும் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் கதவைப் பூட்டிட்டு எங்கேயும் போகல்ல."

"அப்ப யார் போனது?"

அவர் தரையைப் பார்த்தார். கணபதி வாசலில் நின்று வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"நீங்கதான் லாத்தா."

"பொய். அண்டைக்கு நான் விடியவே ஆஸ்பத்திரியில."

"இல்ல லாத்தா. அஹ்னாப் நானாவுக்கு அடிபட்டது பதினொரு மணிக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸுக்குத்தான் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். உங்கட போனுக்கு எடுத்தால், நான் ஹலோ சொல்றதுக்கு முன்னாலேயே சிரிச்சுக்கிட்டுச் சொன்னீங்க, 'நஸீப், ஒரு உறுதியைத் திருப்பிட்டாங்க, பேர்ல ஒரு எழுத்துப் பிழையாம், சைன் வெச்சு எடுத்துட்டு இப்ப வாறேன்' எண்டு." அவர் மேசையிலிருந்த தாள்களை ஓரமாகத் தள்ளினார். "அதுக்குப் பிறகுதான் நான் விஷயத்தைச் சொன்ன. எப்பிடிச் சொல்ற எண்டு தெரியாம, சொல்லிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நீங்க சிரிச்சது இன்னும் என் காதுல ஈக்கிது."

 அந்த நாள் றலியாவுக்கு ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு காலை இருந்ததென்பதோ, அந்தக் காலையில் தான் சிரித்தாள் என்பதோ அவள் ஞாபகத்தில் எங்கேயும் இல்லை.

"பிறகு ஏன் ஒருத்தரும் கேட்கல்ல?"

"நான் கேட்டேன், ஹாஜியாரிட்ட. 'இத்தாவில ஈக்கிற பிள்ளைக்கிட்டப் போய் உறுதி எங்க எண்டு கேட்க ஏலா, முடியட்டும்' எண்டார். இத்தா முடியிறதுக்கு ஒரு மாசம் முன்னால அவர் மௌத்தாகினார். ஆபீஸை மூடினோம். எனக்கும் மறந்துபோச்சு லாத்தா. நாங்க உங்களை நெனச்சுத்தான் சும்மா இருந்த."

வெளியே ஏதோ பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அவள் வீடு அங்கிருந்து பத்து நிமிடம். அறைக்குள் போனவள் அலுமாரியின் மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் கை விட்டு அன்று தோளில் போட்டிருந்த கறுப்புக் கைப்பையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அஹ்னாபின் பொருட்களைக் கையில் கொடுத்தபோது வைக்க வேறு எதுவும் இல்லாமல் தன் பையிலேயே போட்டு மூடியிருந்தாள். ஒன்பதரை வருடமாக அதைத் திறக்கவில்லை. திறக்காமல் வைத்திருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

சிப் துருப்பிடித்திருந்தது. கணபதி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"நான் வேணுமா டீச்சர்?"

"வேணாம்."

மேலே ஒரு கண் உடைந்த மூக்குக் கண்ணாடி. கைக்கடிகாரம். பர்ஸ். பழுப்பேறிய ஒரு கைக்குட்டை. அதை அவள் முகத்தில் வைத்துக்கொண்டாள். வாசம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த தடித்த தாள். ஓரத்தில் பதிவகத்தின் வரவு முத்திரை. 7138.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அஹ்னாபுக்காக அழுகிறாளா, முகம் தெரியாத கறுப்பையாவுக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினொரு வருடப் பழக்கத்தில், உறுதியை முதல் வரியிலிருந்து வாசித்தாள். எழுதிக் கொடுத்தவர். வாங்கியவர். காணியின் நான்கு எல்லைகள். கறுப்பையாவின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அழுத்தி. அடுத்தது சாட்சிகள். காணி உறுதியை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கத்தான் ஒப்பமிட முடியும். அதையும் அவள்தான் வகுப்பில் சொல்லிக் கொடுப்பாள்.

முதலாம் சாட்சி நஸீப். அது அலுவலக வழக்கம்.

இரண்டாம் சாட்சி விற்பவர் கூட்டி வந்த ஆள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் தெளிவாக இருந்தது.

"கணபதி அண்ணன்!"

அவர் வந்து வாசலில் நின்றார். அவள் தாளை நீட்டினாள். அவர் வாசித்தார். உதடு அசைந்தது. மறுபடியும் வாசித்தார்.

"ஷாமில்," என்றார். "கலஹா பசார். அந்த ஹார்ட்வெயார் கடைதான்."

"கறுப்பையா ஐயா கையெழுத்துப் போடுற நேரம் பக்கத்துல நிண்டு பார்த்த ஆள். பார்த்தேன் எண்டு ஒப்பமும் வெச்சீக்கிறார். அஞ்சு வருஷத்துக்குப் பிறகு பதிவேட்டைப் பார்க்கிறார், உறுதி பதியப்படல்ல. அதே காணியைத் தன்ட பேருக்கு எழுதிப் பதிஞ்சிட்டார். ஆனா வாய் திறக்க ஏலா. கறுப்பையாட பெட்டியில இந்தப் பேர் ஈக்கிது. பெட்டி புதையுற வரைக்கும் காத்திருந்தார்."

"இவரு சாட்சின்னு அந்த அம்மாவுக்குத் தெரியாதே டீச்சர்..."

"அம்மா அண்டைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருப்பாங்க. உறுதி எழுத அவர் தனியாத்தான் வந்தீக்கிறார்."

கணபதி தாளைப் பக்குவமாக மேசைமேல் வைத்தார். வழக்கு ஜெயித்த மாதிரிதான். ஆனால் அவர் முகத்தில் அந்தக் களை இல்லை.

"ஒண்ணு சொல்லவா டீச்சர்? பதிவகத்துல பழைய கட்டுக்குள்ள கெடந்துச்சுன்னு சொல்லிருவோம். அந்த அம்மாவுக்கும் நிம்மதி. உங்களுக்கும்..."

"கோர்ட்ல முதல் கேள்வியே இது எங்கேயிருந்து வந்தது எண்டுதான்."

"கோர்ட்ல சொல்லுங்க. சட்டத்துக்குச் சொல்றது வேற. அந்தம்மாகிட்ட வேணாம். இது பதிஞ்சிருந்தா..." அவர் முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"வண்டியை எடுங்க," என்றாள் றலியா. "கோர்ட்ல என்ட வாயால கேக்கிறதுக்கு முதல், அவங்க வீட்டுல வெச்சுக் கேக்கட்டும்."

மூக்காயியம்மா தங்கை வீட்டில் இருந்தார். கீழ் லயத்தில் ஓர் ஒற்றையறைக் காம்பரா. றலியா உறுதியைக் கையில் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கணவரின் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தார். முகம் விரிந்தது.

"கெடைச்சிருச்சா! எங்கம்மா இருந்துச்சு?"

"என்ட வீட்டுல."

றலியா உட்காராமல் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. தன் துக்கத்தை முன்னால் வைத்து மறைந்துகொள்ளவும் இல்லை. அஹ்னாபின் சாவை ஒரே வரியில் சொன்னாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

மூக்காயியம்மா கையெழுத்தின் மேலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க. நீங்க அத அன்னைக்கே திருத்திக் குடுத்திருந்தா, எங்ககிட்ட இருந்த தாளு மண்ணோட போனாலும் காணி நமக்குத்தானா?"

"ஓம்மா. பதிஞ்ச உறுதி தொலைஞ்சா பதிவகத்துல எழுதிக் குடுத்து வேற பிரதி எடுக்கலாம். ஒரு நாள் வேலை."

"அப்ப அவரு உள்ள போயிருக்க வேணாம்."

 றலியா ஆமென்று தலையை அசைத்தாள்.

மூக்காயியம்மா கத்தவில்லை. சபிக்கவும் இல்லை. உறுதியை மடித்துக் கணபதியின் கையில் கொடுத்தார். றலியாவின் கையில் கொடுக்கவில்லை.

"கோர்ட்டுக்கு வாரேன். என்ன சொல்லணுமோ சொல்றேன்," என்றார். "இப்ப போங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு நடந்ததும் வேதனதான். நான் இல்லேங்கல. ஆனா இன்னைக்கு என்னால ஒங்க மொகத்தப் பாக்க முடியல."

கண்டி வரும்வரை வளைவுக்கு வளைவு மழை தூறிக்கொண்டிருந்தது. கணபதி கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார்.  

வழக்கில் றலியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஷாமிலின் சட்டத்தரணி அவளைச் சும்மா விடவில்லை.

"பத்து வருடமாக இந்த உறுதி எங்கே இருந்தது?"

"என் வீட்டு அலுமாரியில்."

"நீங்கள் காணிச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறவர்?"

"ஆம்."

"திருத்தப் பெற்றுக்கொண்ட உறுதியை மறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்?"

"மறந்துவிட்டேன். அதனால் ஒரு மனிதர் இறந்துபோனார்."

அடுத்து ஷாமிலின் முறை. இரண்டாம் சாட்சியின் கையெழுத்தைக் காட்டியபோது, அது வேறொரு ஷாமில் என்றார் ஷாமில். அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த தவணைக்குள் அவரே தன் உறுதியை ரத்துச் செய்யச் சம்மதித்து எழுதிக் கொடுத்தார்.

றலியாவுக்கு வேலை தந்த சட்டத்தரணிகள் சிலர் அதோடு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் குறை சொல்லவில்லை. மறு சனிக்கிழமை வகுப்பில், தன் பெயரைச் சொல்லியே அந்தக் கதையை முழுவதும் சொன்னாள். 

நீதிமன்றக் கட்டளையோடு கறுப்பையாவின் உறுதி பதிவாகிய நாளில், மூக்காயியம்மா பதிவகத்துக்கு வந்திருந்தார். கணபதி கூட்டி வந்தார். அன்றைக்குப் பிறகு அந்த அம்மா றலியாவோடு நேரே பேசியதில்லை. என்ன சொல்ல வேண்டுமானாலும் கணபதியிடம் சொல்வார். றலியாவும் நெருங்கிப் போகவில்லை. கவுண்டரில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

மூக்காயியம்மா முத்திரை குத்திய தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.  பிறகு திரும்பி, முதல் தடவையாக, அவளையே கேட்டார்.

"இந்தத் தாளு தொலைஞ்சா?"

"திரும்ப எடுக்கலாம்மா."

"மறுபடியும் தொலைஞ்சா?"

"எத்தனை தரம் வேணுமெண்டாலும் எடுக்கலாம். ஐயாட பேர் இனி இந்தப் புத்தகத்துலதான் ஈக்கி."

"அப்ப வீடே இடிஞ்சு விழுந்தாலும், இதுக்காக யாரும் உள்ள ஓட வேணாம்."

"வேணாம்மா."

மூக்காயியம்மா தலையை அசைத்தார். தாளை மடியில் செருகவில்லை. சும்மா கையில் பிடித்தபடி, படிகளில் மெதுவாக இறங்கிப் போனார்.